எண்ணெய் குறையவில்லை, காற்று நுழைந்தது: பழைய ஆர்எக்ஸ்-இசட்டுடன் ஆறு ஆண்டுகள்

நான் ஓட்டும் யமஹா ஆர்எக்ஸ்-இசட் 1997இல் சிங்கப்பூரில் பதிவானது. 133 சிசி கொள்ளளவு, காற்றால் குளிரும் ஒற்றைச் சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். சிறிய மோட்டார்சைக்கிள்களுக்கான 2பி உரிமம் வைத்திருப்பவர் ஓட்டலாம். 2019 ஜூன் மாதம் இதை 6,800 சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கினேன். எனக்கு முன் மூவர் ஓட்டியிருக்கிறார்கள். அந்த விலையில் பெரும்பகுதி வண்டிக்கானது அல்ல, முந்தைய உரிமையாளர் 2017 மே மாதம் பத்தாண்டுகளுக்குப் புதுப்பித்திருந்த, இங்கே வண்டி வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழுக்கானது என்பதை வாங்கும்போதே அறிந்திருந்தேன். இதுவரை ஏறத்தாழ 32,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். அதற்குள் எஞ்சின் இரண்டு முறை இறுகிவிட்டது, அதாவது பிஸ்டன் சிலிண்டர் சுவரைக் கவ்வி நின்றுவிட்டது. முதல் முறை பழுதுபார்க்க 480 வெள்ளியும் இரண்டாம் முறை 1,350 வெள்ளியும் செலவாயின. இரண்டு தடவையும் காரணம் ஒன்றாகவே இருந்திருக்கவேண்டும் என்றும், முதல் தடவையே அதைத் தேடியிருந்தால் இரண்டாவது நேர்ந்திருக்காது என்றும் இப்போது நம்புகிறேன். இந்த அனுபவத்தைச் சற்று விரிவாக எழுதுவதற்கு அதுவே காரணம்.

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு 1985 முதல் 1996 வரை இந்தியாவில் தயாரான ஆர்எக்ஸ் 100 எப்படியோ, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வளர்ந்தவர்களுக்கு ஆர்எக்ஸ்-இசட் அப்படி. மலேசியாவில் 2011 வரை இது விற்பனையில் இருந்தது. எங்கள் ஈசூன் புளோக்கின் கீழே நான் வண்டியை உதைத்துக் கிளப்பினால், புல் வெட்ட வரும் ஊழியர்களில் யாராவது ஒருவர் தலையைத் திருப்பி, “ஆர்எக்ஸா அண்ணே?” என்று கேட்காமல் இருப்பதில்லை. அந்தச் சத்தத்துக்காகத்தான் நானும் வாங்கினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. பிரேக், விளக்கு, இருக்கை ஆகியவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை; முன் டிஸ்க் பிரேக் போதுமானது, விளக்கு மங்கல், இருக்கை ஒரு மணி நேரத்துக்குமேல் தாங்காது.

நான் துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை செய்கிறேன். வாரத்தில் இரண்டு மூன்று நாள்கள் இந்த வண்டியில், தீவு விரைவுச்சாலை, கிராஞ்சி விரைவுச்சாலை, புக்கிட் தீமா விரைவுச்சாலை வழியாக வீடு திரும்புவேன். ஒரு டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு இது சுலபமான பாதையன்று; சிக்னலே இல்லாமல், ஆக்சிலரேட்டரை ஒரே நிலையில் பிடித்தபடி, மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் தொடர்ந்து ஓடவேண்டியிருக்கும். 2020 பிப்ரவரியில் ஒரு மாலை, கிராஞ்சி விரைவுச்சாலையில், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்ததுபோல் வேகம் குறைந்தது. ஒரு கீச்சொலி கேட்டது. அடுத்த நொடி பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. கிளட்ச் பிடியின்மேல் எப்போதும் இரண்டு விரல் வைத்திருக்கும் பழக்கம் அன்று என்னைக் காப்பாற்றியது. கிளட்சைப் பிடித்ததும் சக்கரம் விடுபட, சாலையோரம் ஒதுங்கினேன். விரைவுச்சாலையில் பழுதாகி நிற்கும் வாகனங்களை அருகிலுள்ள வாகன நிறுத்துமிடம்வரை இலவசமாகக் கொண்டுசேர்க்கும் மீட்பு வண்டி வந்துசேர்வதற்குள் எஞ்சின் ஆறிவிட்டது. உதைத்துப் பார்த்தேன், ஓடியது. இறுகிய எஞ்சின் ஆறியபின் ஓடுவது பிழைத்துக்கொண்டதற்கு அடையாளமில்லை. வெப்பத்தால் விரிந்த பிஸ்டன் சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான்; சிலிண்டர் சுவரில் ஒட்டிய அலுமினியம் அங்கேயே இருக்கும். நல்லவேளையாக அதை நான் ஓட்டிச்செல்லவில்லை.

ஒரு பட்டறையில் விட்டேன். “ஆயில் பத்தல” என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னார்கள். சிலிண்டரை 0.50 மில்லிமீட்டர் பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பிஸ்டனைப் போட்டு, மூன்றாம் நாள் கையில் கொடுத்தார்கள். பழைய பிஸ்டனைக் கேட்டபோது குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அப்போது எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. எண்ணெய்த் தொட்டியில் பாதிக்குமேல் எண்ணெய் இருந்ததையும், அந்த எண்ணெயைப் பெட்ரோல் கலவையில் சேர்க்கும் பம்ப் வேலை செய்கிறதா என்று யாரும் கழற்றிப் பார்க்காததையும் நான் கேள்வியாகக் கேட்டிருக்கவேண்டும்.

அதன்பின் கொவிட் முடக்கம் வந்தது. ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை வண்டி வாகன நிறுத்துமிடத்தில் அசையாமல் நின்றது. மீண்டும் ஓட்டத் தொடங்கியதும் ஒரு சிறு மாற்றம் தென்பட்டது: எஞ்சின் நன்றாகச் சூடேறியபின் சிவப்பு விளக்கில் நின்று ஆக்சிலரேட்டரை விட்டால், சுழற்சி உடனே இறங்காமல் சில நொடிகள் உயரத்திலேயே தொங்கி, பிறகு மெதுவாக இறங்கும். வண்டி நிற்கும்போது எஞ்சின் சுழலும் வேகத்தைச் சரிசெய்யும் ஐடில் திருகைத் திருகிக் குறைத்துவைத்தேன். மறுநாள் காலை குளிர்ந்த எஞ்சின் தொடர்ந்து ஓடாமல் அணைந்தது; மறுபடி கூட்டினேன். இப்படிப் பல மாதங்கள் அந்தத் திருகோடு மல்லுக்கட்டினேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால், தேநீர் நிறத்தில் இருக்கவேண்டிய அதன் முனை சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது. பெட்ரோல் வரத்தைக் கூட்ட, அது வரும் துளையான கார்புரேட்டரின் மெயின் ஜெட்டை அதே பட்டறையில் இரண்டு அளவு பெரிதாக்கினார்கள். பிளக்கின் நிறம் திரும்பியது, நானும் நிம்மதியடைந்தேன். ஆனால் நோய் அப்படியே இருக்க, அதைக் காட்டிக்கொடுத்த ஒரே அறிகுறியைத்தான் நாங்கள் மறைத்திருந்தோம்.

2022 ஏப்ரல் 1 அன்று தரைவழி எல்லை வாகனங்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. ஆர்எக்ஸ்-இசட் உதிரிபாகங்களுக்கு ஜோகூர்தான் நமக்குக் கிடங்கு. ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை அதிகாலை, சில சாமான்கள் வாங்கலாம் என்று உட்லண்ட்ஸ் நோக்கிக் கிளம்பினேன். புக்கிட் தீமா விரைவுச்சாலையில் எஞ்சின் இரண்டாம் முறை இறுகியது. முந்தைய வேலைக்குப் பிறகு 9,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது.

இந்த முறை சிலிண்டரை நானே கழற்றினேன். திங்கட்கிழமை பிஸ்டனைப் பழைய செய்தித்தாளில் சுற்றி வேலைக்கு எடுத்துப்போனேன். எங்கள் பட்டறையில் முப்பது ஆண்டுகளாகக் கப்பல் எஞ்சின்களைப் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கும் மூத்த ஃபிட்டர் ஒருவர் இருக்கிறார். பெரிய கப்பல்களின் முதன்மை எஞ்சின்களும் டூ-ஸ்ட்ரோக்தான் என்பதால், இந்த விஷயத்தில் அவரைவிடத் தகுந்த ஆள் எனக்குத் தெரியாது. உணவுக்கூட மேசையில் வைத்துப் பிரித்தேன். அவர் முதலில் பிஸ்டனின் தலையைப் பார்க்கவில்லை. அடிப்பகுதியையும், பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் கட்ஜன் பின்னின் துளையையும் விரலால் தடவிப் பார்த்தார். விரலில் எண்ணெய் பளபளத்தது. பிறகு புகைபோக்கிப் பக்கம் திருப்பினார். அந்தப் பக்கத்து விளிம்பு லேசாக உருகி, கீழ்நோக்கி இழுபட்டிருந்தது. “ஆயில் இல்லாம செத்தா உடம்பு முழுக்கக் கீறல் இருக்கும் தம்பி. இது காத்த குடிச்சுச் செத்தது. எங்கருந்து குடிக்குதுன்னு பாத்தீங்களா?” என்றார். நான் பார்த்திருக்கவில்லை.

ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டி மட்டுமே ஓட்டியவர்களுக்கு இந்த இடத்தைச் சற்று விளக்கவேண்டும். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் கார்புரேட்டரிலிருந்து வரும் பெட்ரோல்-காற்றுக் கலவை நேராகச் சிலிண்டருக்குப் போவதில்லை. முதலில் கிராங்க் சுழலும் அறைக்குள் உறிஞ்சப்பட்டு, பிஸ்டன் கீழிறங்கும்போது அங்கே அழுத்தப்பட்டு, பக்கவாட்டுத் துளைகள் வழியாக மேலே தள்ளப்படுகிறது. ஆகவே கிராங்க் அறை ஒரு பம்பாகவும் வேலை செய்கிறது; அது காற்றுப் புகாமல் இருக்கவேண்டும். கிராங்க் தண்டு அறையைவிட்டு வெளியே வரும் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் ஆயில் சீல்கள்தான் அந்தக் காவலைச் செய்கின்றன. கிளட்ச் பக்கத்துச் சீல் தேய்ந்தால் கியர் எண்ணெய் உள்ளே இழுக்கப்பட்டு வெண்புகை வரும். அது கண்ணுக்குத் தெரிந்துவிடும். மறுமுனையில், மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டோ பக்கத்துச் சீல் தேய்ந்தால் உள்ளே இழுக்கப்படுவது வெறும் காற்று. புகை இல்லை, சொட்டு இல்லை. கலவையில் பெட்ரோலின் பங்கு குறைகிறது, எரிதலின் வெப்பம் ஏறுகிறது, பெட்ரோலோடு கலந்து வரவேண்டிய எண்ணெயும் அதே அளவில் நீர்த்துப்போகிறது. நீண்ட நேரம் ஒரே வேகத்தில் ஓடும்போது பிஸ்டன் விரிந்து சுவரைக் கவ்விக்கொள்கிறது.

காக்கி புக்கிட்டில் பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிகளை மட்டுமே விரும்பி எடுக்கும் சீன அங்கிள் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் எதையும் கழற்றுவதற்குமுன் பழைய சிலிண்டரையே மாட்டி, உள்வழியையும் புகைவழியையும் ரப்பர் தகடால் அடைத்து, கைப்பம்பால் 6 பிஎஸ்ஐ அழுத்தம் ஏற்றினார். நல்ல எஞ்சினில் அந்த அழுத்தம் பல நிமிடங்கள் நிற்கவேண்டும். என்னுடையதில் ஒரு நிமிடத்துக்குள் முள் பூஜ்யத்துக்கு வந்தது. மேக்னெட்டோ சக்கரத்தைக் கழற்றி, பின்னாலிருந்த சீலின்மேல் சோப்பு நீரைத் தடவியதும் நுரை பொங்கியது. வெளியே எடுத்துப் பார்த்தால் சீலின் உதடு காய்ந்த மிளகாய்த் தோல்போல் விறைத்திருந்தது. 1997இலிருந்து மாற்றாத சீலாக இருக்கலாம் என்றார். இரண்டு மாதம் அசையாமல் நின்றது அதை மேலும் காயவைத்திருக்கும். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் புதிய சீல்களின் விலை 30 வெள்ளி.

மீதிச் செலவு கிராங்க் அறையைப் பிரித்ததற்கு. பிரித்தபின் பெயரிங்குகளையும் கனெக்டிங் ராடையும் மாற்றாமல் மூடுவது முட்டாள்தனம் என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடில்லை. சிலிண்டரை 0.75 அளவுக்குக் கடையவேண்டியதாயிற்று. 56 மில்லிமீட்டராகப் பிறந்த துளை இப்போது 56.75, இனி மிஞ்சியிருப்பது 1.00 என்னும் ஒரே அளவு. முதல் பட்டறை கடைந்து தள்ளிய அரை மில்லிமீட்டரை நினைத்தால் 480 வெள்ளியைவிட அதுதான் இன்றும் வலிக்கிறது. வெள்ளியை மறுபடி சம்பாதிக்கலாம். இந்தச் சிலிண்டரின் சுவரை யாரும் திருப்பி ஒட்டித்தர முடியாது.

அந்த வாரங்களில் வண்டியைக் கைவிடுவது பற்றியும் யோசித்தேன். 2003 ஜூலை 1க்கு முன் பதிவான மோட்டார்சைக்கிள்கள் 2028 ஜூன் 30க்குப் பிறகு சாலையில் ஓடக்கூடாது என்பது முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது. 2023 ஏப்ரல் 5க்குள் பதிவை நீக்குவோருக்கு 3,500 வெள்ளிவரை ஊக்கத்தொகையும் இருந்தது. 2022இல் மோட்டார்சைக்கிள் சான்றிதழ்க் கட்டணம் 13,000 வெள்ளியைத் தொட்டதால், இதை விட்டால் இன்னொரு வண்டிக்குப் போவதும் எளிதல்ல. என் மனைவி தாளில் கூட்டிக் கழித்துக் காட்டிய கணக்கு சரிதான். ஆனாலும் என்ன காரணம் என்று தெரிந்த பிறகு அதை ஓட்டிப் பார்க்காமல் ஒப்படைக்க மனம் வரவில்லை. அது கணக்கில் சேராத காரணம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

2023 ஜனவரியில் எஞ்சின் மீண்டும் ஓடியது. முதல் 500 கிலோமீட்டர் பாதிக்குமேல் ஆக்சிலரேட்டர் திறக்கவில்லை. விரைவுச்சாலையைத் தவிர்த்து, மண்டாய் சாலையிலும் லிம் சூ காங் பக்கமும் வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டினேன். பெரிதாக்கிய ஜெட்டைக் கழற்றி, நிறுவனம் சொன்ன பழைய அளவையே போட்டோம். காற்று ஓட்டை அடைபட்டதும் பிளக் தானாகவே தேநீர் நிறத்துக்கு வந்தது. ஐடில் திருகை அன்றிலிருந்து தொடவில்லை. எண்ணெய் பம்ப்பைக் கழற்றிவிட்டுப் பெட்ரோலிலேயே எண்ணெய் கலந்து ஊற்றும்படி நண்பர்கள் பலர் சொன்னார்கள். பம்ப் குற்றமற்றது என்று தெரிந்திருந்ததால் நான் அதைச் செய்யவில்லை. அதன் கேபிளைக் குறியோடு பொருத்திச் சரிபார்த்ததோடு சரி. ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 900 கிலோமீட்டர் வருகிறது.

அதற்குப் பின் 17,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு 2023 ஏப்ரலிலிருந்து கார்பன் மோனாக்சைடு 3 விழுக்காடு, ஹைட்ரோகார்பன் 7,800 பிபிஎம் என்று புகை வரம்பு இறுக்கப்பட்டது. ஆண்டுச் சோதனையில் இதுவரை ஒருமுறையும் திருப்பி அனுப்பப்படவில்லை. பெரிய ஜெட்டோடு போயிருந்தால் தேறியிருக்குமா என்பது சந்தேகமே. குறை என்று சொன்னால், நல்ல பிஸ்டன் கிடைப்பது ஆண்டுக்காண்டு கடினமாகிறது. போலிப் பெட்டிகள் அசலைவிட அழகாக அச்சிடப்பட்டு வருகின்றன. ஜாலான் புசார் பக்கமோ ஜோகூரிலோ வாங்கும்போது பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து பார்க்காமல் காசு கொடுப்பதில்லை. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

இந்த வயதுள்ள டூ-ஸ்ட்ரோக் வண்டியை வாங்க நினைப்பவர் பெயின்ட்டையும் குரோமியத்தையும் பார்ப்பதற்குமுன், எஞ்சினை இருபது நிமிடம் சூடேற்றி, ஆக்சிலரேட்டரைத் திறந்து சட்டென்று விட்டு, சுழற்சி உடனே இறங்குகிறதா என்று பாருங்கள். சிலிண்டர் எத்தனையாவது அளவுக்குக் கடையப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். விற்பவருக்குத் தெரியாவிட்டால் கடைசி அளவு என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். எஞ்சின் எப்போதாவது இறுகினால், கடைவதற்குச் சம்மதிக்குமுன் கசிவுச் சோதனை செய்யச் சொல்லுங்கள். பழைய பிஸ்டனைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

என் வண்டிக்கு அங்கிள் ஆண்டுக்கு ஒருமுறை அந்தச் சோதனையைச் செய்கிறார். இந்த மார்ச் மாதம் 6 பிஎஸ்ஐ ஏற்றிவிட்டு இருவரும் காப்பி குடித்தோம். ஆறு நிமிடம் கழித்துப் பார்த்தபோது முள் ஐந்தரையில் நின்றது.