மின்காரா, பெட்ரோல் காரா: இரண்டு வீடுகளின் ஐந்து வருடக் கணக்கு

அக்கா வீட்டிலும் எங்கள் வீட்டிலும் ஒரே சமயத்தில் கார் வாங்கும் பேச்சு வந்தது. மாமாவுக்குக் கோவையில் தனி வீடு, போர்ட்டிகோவில் வண்டி நிற்கும். வாரம் இரண்டு முறை திருப்பூர் போய் வருகிறார், மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடிவிடும். நான் சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். அலுவலகத்துக்கு மெட்ரோவில் போகிறேன். கார் மாதம் 400 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். இருவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டோம், விடை மட்டும் ஒன்றாக வரவில்லை.

ஒப்பிட எடுத்துக்கொண்டது டாடா நெக்ஸான். ஒரே உடலில் பெட்ரோலும் வருகிறது, மின்சாரமும் வருகிறது என்பதால் ஒப்பிடுவது சுலபம். ஏறத்தாழ ஒரே வசதிகளோடு பெட்ரோல் ஆட்டோமேட்டிக் ஷோரூம் விலை 11 லட்சம், மின்கார் 14 லட்சம் என்று முழு எண்களாக வைத்துக்கொள்வோம். பார்த்தவுடன் 3 லட்சம் வித்தியாசம். பலர் இங்கேயே பெட்ரோல் பக்கம் திரும்பிவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் அது அவசர முடிவு. 2023 நவம்பரில் சாலை வரி உயர்ந்தபோது, 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான கார்களுக்கு 18 சதவீதம் ஆனது. 11 லட்சம் பெட்ரோல் காருக்கு அது மட்டும் 1.98 லட்சம். மின்காருக்கு மாநில அரசு அந்த வரியை முழுவதும் விலக்கியிருக்கிறது. ஆக, பதிவு முடிந்து வண்டி வெளியே வரும்போது 12.98 லட்சமும் 14 லட்சமும்தான் எதிரெதிரே நிற்கின்றன. 3 லட்சமாகத் தெரிந்தது ஏறக்குறைய 1 லட்சமாகச் சுருங்கிவிட்டது. இந்த விலக்கு காலவரம்போடு வரும் அரசாணை. அதனால் புக் செய்யும் நாளில் நடப்பில் இருக்கிறதா என்று ஆர்டிஓ அலுவலகத்திலேயே கேட்டுவிடுங்கள். பெட்ரோல் காரையே 10 லட்சத்துக்குள் எடுத்தால் வரி 13 சதவீதம்தான். 9.8 லட்சம் வண்டிக்கும் 10.2 லட்சம் வண்டிக்கும் ஆன்ரோடு விலையில் ஏன் அவ்வளவு இடைவெளி என்று குழம்புபவர்களுக்கு இதுதான் காரணம்.

ஜிஎஸ்டியில் மின்காருக்கு இருந்த சாதகம் குறைந்துவிட்டது. மின்காருக்கு 5 சதவீதம் தொடர்கிறது. ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கு 28லிருந்து 18 ஆக இறங்கிவிட்டது. மின்வண்டிக் கடன் வட்டிக்கு வருமான வரிச் சலுகை உண்டு என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். 2023 மார்ச் 31 வரை அனுமதிக்கப்பட்ட கடன்களோடு அது முடிந்துவிட்டது, அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

சரி, ஓட்டும் செலவு. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், நகர நெரிசலில் மைலேஜ் 13 என்றால் கிலோமீட்டருக்கு 7.70 ரூபாய். மின்கார் 100 கிலோமீட்டருக்குச் சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து 16 யூனிட் இழுக்கும் என்று வைப்போம். யூனிட் என்ன விலை? இங்கேதான் விளம்பரக் கணக்குகள் நம்மை ஏமாற்றுகின்றன. 3 ரூபாய், 5 ரூபாய் என்று போட்டுவிடுகிறார்கள். நம் ஊர் இ.பி. கட்டணம் படிப்படியாக ஏறுவது. காருக்குப் போகும் யூனிட்டுகள் எப்போதும் மேல் படியில்தான் போய் உட்காரும்.

அக்கா வீட்டில் இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடுகிறது. 2024 ஜூலைக் கட்டணப்படி பில் ஏறத்தாழ 1,200 ரூபாய். கார் வந்தால் இன்னும் 320 யூனிட் சேர்ந்து 720 ஆகும். 500ஐத் தாண்டியதும் மேலே உள்ள யூனிட்டுகளுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101 முதல் 200 வரை 2.35 ரூபாயாக இருந்ததும் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடுகிறது. மொத்த பில் 4,000 ரூபாயைத் தாண்டிவிடும். அதாவது காருக்கான யூனிட் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 9 ரூபாய், கிலோமீட்டருக்கு 1.45 அளவில். விளம்பரத்தைவிட அதிகம்தான், ஆனாலும் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மாமாவுக்கு வருடத்துக்கு 75,000 ரூபாய் மிச்சம். ஏற்கெனவே இரண்டு ஏசி ஓடி 1,000 யூனிட்டைத் தொடும் வீடு என்றால் யூனிட்டுக்கு 11 ரூபாய்க்கு மேல் போட்டுப் பாருங்கள்.

இன்ஷூரன்ஸில் பெட்ரோலுக்குச் சாதகம். 2022 ஜூனில் நிர்ணயித்த மூன்றாம் நபர் காப்பீட்டுத் தொகை 1,000 சிசிக்கு மேல் 1,500 சிசி வரை வருடம் 3,416 ரூபாய். மின்காருக்கு மோட்டார் திறனை வைத்துக் கணக்கிடுகிறார்கள். 65 கிலோவாட்டைத் தாண்டினால் 6,712. நெக்ஸான் மின்கார் இந்தப் பிரிவில்தான் வரும். வண்டி விலை கூடுதல் என்பதால் சொந்தச் சேதத்துக்கான பிரீமியமும் கூடும். ஐந்து வருடத்தில் 40,000 ரூபாய் அதிகம் போகும் என்று வைத்திருக்கிறேன். சர்வீஸில் எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் எதுவும் இல்லாததால் 25,000 திரும்பக் கிடைக்கும். எடை அதிகம் என்பதால் டயர் கொஞ்சம் சீக்கிரம் தேயும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது மறுவிற்பனைதான். பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் உத்தரவாதம் வழக்கமாகிவிட்டதால், அது செத்துப்போகுமோ என்ற பயம் முதலில் வாங்குபவருக்குத் தேவையில்லை. ஆனால் பழைய வண்டி வாங்க வருபவர் பயப்படுவார், விலையைக் குறைத்துத்தான் கேட்பார். ஐந்து வருடம் கழித்துப் பெட்ரோல் காருக்கு 5.5 லட்சமும் மின்காருக்கு 5 லட்சமும் கிடைக்கும் என்பது என் அனுமானம். அப்படியானால் மின்காரில் மதிப்பிழப்பு ஒன்றரை லட்சம் அதிகம்.

எல்லாவற்றையும் கூட்டினேன். வயரிங், கூடுதல் கடனுக்கான வட்டி என்று இன்னொரு 30,000 சேர்த்த பிறகும் மாமாவுக்கு ஐந்து வருடத்தில் ஏறத்தாழ 1.8 லட்சம் லாபம். அதே மின்காரை நான் வாங்கி, வீட்டிலேயே சார்ஜ் செய்ய முடிந்தாலும் 40,000 ரூபாய்க்கு மேல் நட்டம். என் ஓட்டத்துக்கு எரிபொருள் மிச்சம் அவ்வளவுதான். இந்த எண்களின்படி மாதம் 525 கிலோமீட்டர் அளவில் இரண்டும் சமமாகின்றன.

ஆனால் என்னால் வீட்டில் சார்ஜ் செய்யவே முடியாது. பொதுப் பார்க்கிங்கில் தனி லைன் இழுக்க எங்கள் சங்கத்தில் மூன்று முறை கேட்டுவிட்டேன், நடக்கவில்லை. வெளியே ஃபாஸ்ட் சார்ஜரில் வரியோடு யூனிட் 25 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 4 ரூபாய். வயரிங் செலவு இல்லை என்றாலும், மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கே ஐந்து வருடத்தில் 40,000 சொச்சம்தான் மிஞ்சும், அதற்காக வாரா வாரம் வரிசையில் காத்திருக்க வேண்டும்.

விலை குறைவு என்று பேட்டரியை வாடகைக்குத் தரும் திட்டத்தையும் பார்த்தோம். 2024 செப்டம்பரில் எம்ஜி வின்ட்சர் 9.99 லட்சத்துக்கு வந்தபோது, பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் தனியாகக் கட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. வீட்டு மின்சாரத்தையும் சேர்த்தால் 5 ரூபாயை நெருங்கும். அதிகம் ஓட்டுபவருக்குத்தான் மின்கார் லாபம், இந்த முறையிலோ அவர்தான் அதிகமாக வாடகை கட்டுவார். மாமாவுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா வீட்டில் மின்கார் புக் ஆகிவிட்டது, போர்ட்டிகோவில் எலக்ட்ரீஷியன் வேலை நடக்கிறது. நான் 10 லட்சத்துக்குள் ஒரு பெட்ரோல் காருக்கு முன்பணம் கட்டியிருக்கிறேன். சங்கத்தில் லைன் கேட்டு நான்காவது கடிதமும் எழுதி வைத்திருக்கிறேன்.