‘ஃபேட் பர்ன்’ பொத்தானுடன் மூன்று மாதங்கள்

மதுரை அண்ணா நகரில் என் வீட்டருகே உள்ள ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் மூன்று மாதங்களுக்கு 4,500 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். கூடத்தின் பெயர் இங்கே தேவையில்லை. நான் மதிப்பிடுவது அங்குள்ள டிரெட்மில்லில், கொழுப்பைக் கரைப்பதற்கென்று இருக்கும் ‘ஃபேட் பர்ன்’ பொத்தானை மட்டுமே.

அதை அழுத்தி வயது 46 என்று பதிந்தால், 220-இலிருந்து வயதைக் கழித்து, உச்ச இதயத் துடிப்பு 174 என்றும், அதில் 65 விழுக்காடான 113-ஐத் தாண்டக் கூடாது என்றும் இயந்திரம் முடிவு செய்துவிடுகிறது. அந்தச் சூத்திரம் ஒரு சராசரிக் கணக்கே. ஒரே வயதுடைய இருவருக்கு உச்சத் துடிப்பு பத்துப் பன்னிரண்டு வரை வேறுபடுவது சாதாரணம். மேலும், துடிப்பை அளக்கக் கைப்பிடித் தகடுகளைப் பற்றியபடியே நடக்க வேண்டும். உள்ளங்கை வியர்த்ததும் திரையில் 108 சட்டென்று 152 ஆகும். துடிப்பு எல்லை மீறிவிட்டதென்று எண்ணி இயந்திரம் உடனே பட்டையின் வேகத்தைக் குறைத்து, அம்மன் சன்னதி வரிசையில் நகர்வதுபோல் நகர வைக்கும்.

“அவசரப்படாதீங்க சார், மெதுவாப் போனாத்தான் கொழுப்பு கரையும்” என்றார் பயிற்சியாளர். அவர் சொன்னதில் பாதி உண்மை. மெதுவான வேகத்தில் செலவாகும் ஆற்றலில் கொழுப்பின் பங்கு கூடுதல். வேகம் ஏற ஏறத் தசையில் சேமித்த மாவுச்சத்தே முன்னுக்கு வருகிறது. ஆனால் பங்கு வேறு, அளவு வேறு. 78 கிலோ எடையுள்ள நான் அரை மணி நேரம் 5.5 கி.மீ. வேகத்தில் நடந்தால் ஏறத்தாழ 170 கலோரி செலவாகும். அதில் 60 விழுக்காடு கொழுப்பென்று வைத்துக்கொண்டாலும் 11 கிராம்தான். அதே அரை மணியில் 8 கி.மீ. வேகத்தில் ஓடினால், கிலோ எடைக்கும் கிலோமீட்டருக்கும் ஒரு கலோரி என்ற வழக்கமான கணக்குப்படி 310 கலோரி. கொழுப்பின் பங்கு 40 ஆகக் குறைந்தாலும் 14 கிராம் வருகிறது. அதைவிட முக்கியமானது, எடையைத் தீர்மானிப்பது அந்த அரை மணியில் எரிந்த எரிபொருளின் வகையன்று, உண்டதற்கும் செலவிட்டதற்கும் இடையே பல வாரங்களில் சேரும் வேறுபாடு என்பதாகும். ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரிக்குச் சமம்.

பொத்தானை நம்பிய ஆறு வாரங்களில் 400 கிராம் குறைந்தது. பிறகு வேகத்தை நானே வைத்து, பேச்சு முற்றிலும் தடைபடாத அளவுக்கு ஓடிய ஆறு வாரங்களில் 1.7 கிலோ குறைந்தது. இரவுப் பரோட்டாவையும் அப்போதுதான் நிறுத்தினேன் என்பதால், முழுப் பெருமையையும் ஓட்டத்துக்குக் கொடுக்க மாட்டேன்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் புதிதாகத் தொடங்குபவர்களுக்கும், ஒரு மணி நேரம் நிதானமாக நடக்க அந்தப் பொத்தான் பொருத்தமானது. பட்டையில் அதிர்வு இல்லை, குளிர்சாதனமும் நன்றாக இருக்கிறது. இப்போதைக்கு விடியற்காலையில் மாரியம்மன் தெப்பக்குளத்தை மூன்று சுற்று ஓடுகிறேன். சித்திரை வெயில் ஏறியதும் ஒரு மாதத்துக்கு மட்டும் பணம் கட்டி, வேகத்தைக் கையால் வைத்துக்கொள்வேன்.