டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ் – கூட்டாளிகள் சொன்னபடி கேட்பார்களா?

பயோவேர் நிறுவனம் 2009இல் வெளியிட்ட வீடியோ கேம். நாலு பேர் அணியைச் சண்டையில் நீங்களே நடத்த வேண்டும் என்று ஆசை இருந்தால் இன்றைக்கும் தாராளமாக வாங்கலாம், ஆனால் பிசியில் வாங்குங்கள். கன்சோல் பதிப்பில் மேலேயிருந்து பார்க்கும் கேமரா கிடையாது. யார் எங்கே நிற்கிறார் என்று பார்ப்பதே அங்கே பெரும்பாடு.

இந்த கேமின் உயிர் டாக்டிக்ஸ் பட்டியல்தான். 'இப்படி நடந்தால் இதைச் செய்' என்று ஒவ்வொரு கூட்டாளிக்கும் வரிவரியாக எழுதி வைக்கலாம். பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்தும் வரியைச் செய்வார்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். 'அருகிலுள்ள எதிரி: தாக்கு' என்பது எதிரி கண்ணில் படும்போதெல்லாம் பொருந்திக்கொண்டே இருக்கும். அதை மேலே வைத்தால் கீழே எழுதிய எதற்கும் முறை வராது. அதைக் கடைசி வரிக்குத் தள்ளுங்கள்.

அணியைக் குணப்படுத்தும் மந்திரவாதி வின்னுக்கு முதல் வரி: கூட்டாளியின் ஹெல்த் 50%க்குக் கீழே போனால் ஹீல் (குணப்படுத்தும் மந்திரம்). இன்னொரு மந்திரவாதியான மாரிகனுக்கும் ஹீல் கற்றுக்கொடுத்திருந்தால் அவளுக்கு 25% என்று வையுங்கள். இருவருக்கும் ஒரே அளவு வைத்தால் ஒரே ஆளுக்கு இரண்டு பேரும் ஒன்றாக ஹீல் போட்டு மானாவை (மந்திரம் போடச் செலவாகும் சக்தி) வீணடிப்பார்கள். ஒருவர் செய்யப்போவது மற்றவருக்குத் தெரியாது. வின்னுக்கு இரண்டாவது வரியாக, கைச்சண்டையில் தாக்கப்பட்டால் மைண்ட் பிளாஸ்ட் மந்திரம். சுற்றி நிற்கும் எதிரிகள் சில நொடி திகைத்து நிற்பார்கள், நகர அவகாசம் கிடைக்கும். வாள்வீரன் அலிஸ்டருக்கு ஹெல்த் 25%க்குக் கீழே போனால் மருந்து என்ற வரி போதும், ஆனால் 'மிகப் பலவீனமான மருந்து' என்று தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் விலையுயர்ந்த பாட்டில்கள் சில்லறைச் சண்டைகளிலேயே காலியாகிவிடும்.

என்ன செய்வது என்பதில் இவ்வளவு நுணுக்கம் காட்டும் கேம், எங்கே நிற்பது என்பதில் கோட்டை விடுகிறது. நின்ற இடத்திலேயே நிற்கச் சொல்லும் ஹோல்ட் பொசிஷன் பட்டன் அணி முழுவதற்கும் சேர்த்துத்தான். வில்லாளியை மட்டும் நிறுத்திவிட்டு மற்றவர்களை விட முடியாது. இது உண்மையிலேயே பெரிய குறை. சமாளிக்க வழி: எல்லோரையும் ஹோல்டில் போட்டுவிட்டு, வாள்காரர்களை மட்டும் ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுத்து நீங்களே அனுப்புங்கள். வில்லாளி லெலியானாவின் பிஹேவியரை ரேஞ்ச்டு (தூரத்திலிருந்து தாக்குவது) என்று மாற்றுங்கள். டிஃபால்ட்டில் விட்டால் வில்லோடு எதிரியின் மூக்குக்கு நேரே போய் நிற்கிற ஆபத்து உண்டு.

வாசல் சண்டைக்கு இதுதான் கைகொடுக்கும். மந்திரவாதியையும் வில்லாளியையும் கதவுக்கு நேரே நிறுத்தாமல் பக்கவாட்டில், சுவர் மறைவில் நிறுத்தி ஹோல்ட் போடுங்கள். அலிஸ்டர் மட்டும் உள்ளே எட்டிப் பார்த்து எதிரிகளை இழுத்துக்கொண்டு வாசலுக்குத் திரும்பட்டும். எதிரி வில்லாளிகளுக்குக் குறி கிடைக்காது, அவர்களும் வெளியே வந்தாக வேண்டும்.

உறையவைக்கும் மந்திரமான கோன் ஆஃப் கோல்டை டாக்டிக்ஸில் எழுதவே எழுதாதீர்கள். அது மந்திரவாதியின் முன்னால் விசிறிபோல் விரியும். இடையில் நிற்பவர் நம் ஆளானாலும் உறைந்துபோவார். ஸ்பேஸ் பாரைத் தட்டி சண்டையை நிறுத்தி, மாரிகனை அலிஸ்டரின் தோளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, கையாலேயே போடுங்கள். நெருப்பு மந்திரமான ஃபயர்பாலும் அப்படித்தான். நைட்மேர் என்ற மிகக் கடினமான நிலையில் நம் மந்திரம் நம்மையே முழு வேகத்தில் சுடும்.

ஹை டிராகனிடம் நாலு பேரும் ஒரே இடத்தில் நின்றால் ஒரே மூச்சு நெருப்பில் கதை முடிந்தது. வாள்காரர்கள் பின்னங்கால் பக்கம், மற்ற இருவரும் விலகி எதிரெதிர்ப் பக்கங்களில். டிராகன் திரும்பும்போதெல்லாம் நிறுத்தி, இடம் மாற்றிவிட வேண்டும்.

இதே தொடரில் 2014இல் வந்த டிராகன் ஏஜ்: இன்க்விசிஷனில் இந்த விரிவான டாக்டிக்ஸ் பட்டியலைச் சுருக்கி, ஒவ்வொரு திறனுக்கும் முன்னுரிமை கொடு, அனுமதி, தடை செய் என்ற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பழகியவர்களுக்கு அது கை கட்டிப்போட்ட மாதிரிதான்.

கண்ணிப்பொறி உள்ள இடங்களிலும் ஹோல்ட் கட்டாயம். ரோக் (பொறி அவிழ்க்கத் தெரிந்த ஆள்) தனியாகப் போய்ப் பொறியை அவிழ்க்கும் முன் மற்றவர்கள் பின்னால் வந்து மிதித்துவிடுவார்கள். வேலை முடிந்ததும் ஹோல்டை எடுத்துவிடுங்கள். மறந்தால் அடுத்த அறையில் ரோக் ஒற்றை ஆளாக மாட்டிக்கொள்வார்.