ஆபத்தா, இடரா?

செய்திகளில் இரண்டையும் ஒன்றாகவே போட்டுவிடுகிறார்கள், ஆனால் பேரிடர் மேலாண்மையில் இவை வேறு வேறு. புயல், வெள்ளம், நிலநடுக்கம், விஷவாயுக் கசிவு எல்லாம் ஆபத்து. அது வந்தால் யாருக்கு எவ்வளவு சேதம் ஆகும், ஆவதற்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்ற கணக்குதான் இடர், பேச்சில் ரிஸ்க் என்கிறோமே, அதுதான். (பழைய பாடல்களில் இடர் என்றால் வெறும் துன்பம், இந்தப் பொருள் பின்னால் வந்தது.) கப்பலே போகாத நடுக்கடலில் சுழலும் புயலில் ஆபத்து உண்டு, இடர் கிட்டத்தட்ட இல்லை.

ஒடிசாவைப் பாருங்கள். 1999 அக்டோபரில் பாரதீப் அருகே கரை கடந்த பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். பாரதீப்பை ஒட்டிய எர்சமா பக்கம் கடல் ஊருக்குள் ஏறி வந்தபோது, குடிசையை விட்டு ஓடுகிறவர்கள் ஏறி நிற்க உறுதியான கட்டடங்கள் மிகக் குறைவு. அப்புறம் 2013-இல் ஃபைலின் வந்தது. 1999 அளவுக்கு இல்லை என்றாலும் அதுவும் மிகக் கடுமையான புயல்தான், ஆனால் அதற்குள் தூண்கள் மேல் உயர்த்திக் கட்டிய புயல் பாதுகாப்பு மையங்கள் வந்திருந்தன, முன்னெச்சரிக்கை நேரத்தோடு போனது, லட்சக்கணக்கானவர்களை முன்கூட்டியே வெளியேற்றினார்கள்; இறப்பு சில பத்துகளோடு நின்றது.

புயலைத் தடுக்க யாராலும் முடியாது. சரி, குடிசையையும் சாலையையும் எச்சரிக்கையையும் மாற்றலாமே? அது அரசும் சமூகமும் செய்யவேண்டிய வேலை. எல்லாவற்றையும் 'ஆபத்து' என்று எழுதினால் அந்தப் பொறுப்பு யாருடையது என்ற கேள்வியே எழாது. அதனால்தான் இந்த வித்தியாசத்தை நான் விடாமல் பிடித்துக்கொள்கிறேன்.