சென்னை வழியாகக் கோயம்புத்தூர் டிக்கெட்: மலையக உறவுகளுக்கு ஓர் எச்சரிக்கை

ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கமிருந்து சென்னை வழியாகக் கோயம்புத்தூருக்கோ தூத்துக்குடிக்கோ விமான டிக்கெட் எடுத்திருப்பவர்கள் முதலில் தங்கள் கையில் இருக்கும் தாளைப் பாருங்கள். கொழும்பிலிருந்து சென்னை போவதற்கு ஓர் ஆறெழுத்துப் பதிவுக் குறியீடும் (PNR), அங்கிருந்து அப்பால் போவதற்கு வேறோர் ஆறெழுத்துக் குறியீடும் இருந்தால், உங்களுக்கு விற்கப்பட்டிருப்பது பெரும்பாலும் ஒரே டிக்கெட் அல்ல; ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு டிக்கெட்டுகள். என் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஹட்டனில் ஒரு பயண முகவர் இப்படித்தான் விற்றார். இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அம்மாவும் பெரியம்மாவும் பார்க்கப் போனது நீலகிரி மலையில் கோத்தகிரியில் இருக்கும் தங்கள் அண்ணனை, என் மாமாவை. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்புவதென்று இரண்டு நாடுகளும் முடிவுசெய்த 5,25,000 பேர் கணக்கில் அவரும் ஒருவர். 1970களில் தலைமன்னாரில் கப்பலேறினார். அங்கே போய் டான்டீ என்ற தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் தேயிலை வேலைதான். அந்தக் கப்பல் 1984இல் நின்றுபோன பிறகு நம்மவர்களுக்கு அக்கரை உறவைப் பார்க்க ஆகாயத்தை விட்டால் வேறு வழி அநேகமாக இல்லாமலே போய்விட்டது. ஆகவே இது உல்லாசப் பயணம் அல்ல. மாமாவின் பேத்திக்குத் திருமணம். மாமாவுக்கும் உடல்நிலை சரியில்லை. அம்மா தன் சேமலாபப் பணத்திலிருந்து எடுத்து டிக்கெட் வாங்கினார். தோட்டத்தில் நாட்சம்பளம் 1,350 ரூபாயை எட்டியதே 2024 செப்டெம்பரில்தான். அப்படிச் சேர்ந்த பணம் அது.

முகவர் அம்மாவிடம் சொன்னது இது: “அம்மா, நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம். கட்டுநாயக்கவில் ஏறினால் கோயம்புத்தூரில் இறங்குவீர்கள். எல்லாம் கனெக்‌ஷன் டிக்கெட்தான்.” தம்பியும் பக்கத்தில்தான் இருந்தான். “பெட்டி என்ன ஆகும்?” என்று அவன் கேட்டிருக்கிறான். அதற்கும் அதே பதில்தான்: ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம்.

அந்தத் தாளைப் பிறகு வாங்கிப் பார்த்தேன். விமான நிறுவனம் அனுப்பிய தாளே அல்ல அது. மேலே முகவர் நிலையத்தின் வண்ணச் சின்னம். அதன் கீழே இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் பயணங்களையும் ஒரே அட்டவணைக்குள் தட்டச்சு செய்திருக்கிறார்கள். பார்க்கிற எவருக்கும் கொழும்பு – சென்னை – கோயம்புத்தூர் என்று ஒரே நீட்டாகத்தான் தெரியும். இரண்டு குறியீடுகளும் ஓரத்தில் பொடி எழுத்தில் கிடக்கின்றன. எல்லாவற்றுக்கும் அடியில், அதைவிடப் பொடியாக ஆங்கிலத்தில் ஒரு வரி: பயணி சென்னையில் தன் பொதிகளைத் தானே எடுத்து மறுபடியும் பதிவு செய்ய வேண்டும், இரண்டாவது விமானம் தவறினால் நிலையம் பொறுப்பேற்காது. மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்கு வாயால் தமிழில் ஒன்றைச் சொல்லிவிட்டு, அவரால் வாசிக்க முடியாத மொழியில் அதற்கு நேர்மாறானதை அச்சடித்துக் கொடுப்பதை நான் கவனக்குறைவு என்று சொல்ல மாட்டேன். தெரிந்தே செய்த வேலை அது.

நேரக் கணக்கைப் பாருங்கள். கொழும்பு விமானம் சென்னையில் இறங்கும் நேரம் காலை 10.35. கோயம்புத்தூர் விமானம் புறப்படுவது 12.05. ஒன்றரை மணி நேரம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் இந்திய உள்நாட்டு விமானத்தில் பெட்டி கொடுக்கும் கவுண்டரைப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்திற்கு முன்பே மூடிவிடுகிறார்கள். அதாவது 11.05க்கு. சக்கரம் தரையைத் தொட்டதிலிருந்து முப்பது நிமிடம். அதற்குள் விமானத்தை விட்டு இறங்கி, வெளிநாட்டவர் வரிசையில் நின்று, இ-வீசாக்காரர்களுக்கான கைரேகையும் படமும் கொடுத்து, பெட்டிக்குக் காத்திருந்து, சுங்கத்தைத் தாண்டி, பன்னாட்டு முனையத்தை விட்டு வெளியே வந்து உள்நாட்டு முனையத்திற்கு நடந்து, அங்கே வாசலில் கடவுச்சீட்டையும் டிக்கெட்டையும் காட்டி உள்ளே போக வேண்டும். ஓடக்கூடிய இளைஞனுக்கே முடியாது. இவர்கள் இருவரும் அறுபது கடந்தவர்கள். பெரியம்மாவுக்கு முழங்கால் வலி. டிக்கெட் விற்பதையே தொழிலாக வைத்திருக்கும் ஒருவருக்கு இந்தக் கணக்கு தெரியாது என்பதை நான் நம்பத் தயாராக இல்லை.

கொழும்பு விமானம் சரியான நேரத்திற்கே இறங்கியது. குடிவரவு வரிசையைத் தாண்டும்போதே கவுண்டர் மூடும் நேரம் கடந்துவிட்டது. உள்நாட்டு முனையத்தில் இருந்த பெண், “மூடிவிட்டோம் அம்மா, இனி ஏற்ற முடியாது” என்று பொறுமையாகத்தான் சொன்னாராம். பெட்டிகளைத் தராசில் வைத்துக் காட்டவும் செய்தார். கொழும்பு விமானத்தில் ஆளுக்கு 30 கிலோ அனுமதி. உள்நாட்டு விமானத்தில் 15 கிலோதான். நேரத்திற்கு வந்திருந்தாலும் மிச்சக் கிலோ ஒவ்வொன்றுக்கும் அங்கே பணம் கட்டச் சொல்லியிருப்பார்கள். இதையும் ஹட்டனில் எவரும் சொல்லவில்லை. அம்மாவின் பெட்டியில் மாசி, கருவாடு, கித்துள் கருப்பட்டி, எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தூள் எல்லாம் இருந்தன. நீலகிரிக்குத் தேயிலை எதற்கு என்று கேட்காதீர்கள். அண்ணன் பிறந்த மலையின் தூள் என்று கொண்டுபோனார்.

முகவருக்குத் தொலைபேசி அழைப்பு போயிற்று, எடுக்கவில்லை. பிறகு தொலைபேசியே அணைந்திருந்தது. அன்றைய மாலை விமானத்தில் இடம் கேட்டால், முதலில் கொடுத்ததைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். கடைசியில் சென்னை சென்ட்ரல் போய் நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறினார்கள். படுக்கை இடம் இல்லை. பொதுப் பெட்டியில், பெட்டிகளைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு, இரவு முழுவதும் உட்கார்ந்தே மேட்டுப்பாளையம் போய், அங்கிருந்து பஸ்ஸில் கோத்தகிரி. முதல்நாள் மாலை நலங்குக்குப் போய்ச் சேர வேண்டியவர்கள், தாலி கட்டுவதற்குச் சற்று முன்னால் வீங்கிய கால்களோடு மண்டபத்தில் நுழைந்தார்கள்.

அதோடும் முடியவில்லை. திரும்பி வரும் கோயம்புத்தூர் – சென்னை இடமும் ரத்தாகியிருந்தது. ஒரே பதிவில் போகவும் வரவும் எடுத்து, போகும் பயணத்திற்கு வராமல் போனால், பல விமான நிறுவனங்கள் மிச்சப் பயணத்தையும் தாமாகவே ரத்துச் செய்துவிடும். விமானம் தவறிய உடனேயே நிறுவனத்திடம் சொல்லியிருந்தால் காப்பாற்றியிருக்க வாய்ப்பு உண்டு. அதைச் சொல்லித்தர வேண்டிய மனிதர்தான் தொலைபேசியை அணைத்துவிட்டாரே.

நான் நேரில் போனேன். “விமானம் நேரத்திற்குத்தானே போனது? உங்கள் ஆட்கள் மெதுவாக நடந்தால் நாங்கள் என்ன செய்வது?” என்றார். என் அம்மா முப்பது வருடங்களுக்கு மேல் மலையேறிக் கொழுந்து பறித்தவர். அவருடைய நடையைப் பற்றி இந்த மனிதர் பேசியதை என்னால் மறக்க முடியவில்லை. பணம் எதுவும் திரும்பாது என்றும் சொன்னார். அதுவும் பொய். இந்தியாவில் பயணி வராமல் போனாலும், டிக்கெட்டில் அடங்கிய அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்பது அந்நாட்டு விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. பெரிய தொகை அல்ல. ஆனால் கேட்டால் கிடைக்கும். முகவர் வழியாக எடுத்த டிக்கெட்டானாலும் அதைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது; நமக்காக அதைக் கேட்டிருக்க வேண்டியவர் முகவர். இவர் கேட்கவே இல்லை.

உண்மையான தொடர் டிக்கெட் எப்படி இருக்கும் என்றால், இரண்டு விமானங்களுக்கும் பொதுவாக ஒரே குறியீடு இருக்கும். இந்தியாவில் முதலில் இறங்கும் இடத்திலேயே குடிவரவையும் சுங்கத்தையும் முடிக்க வேண்டும் என்பதால், ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் சென்னையில் பெட்டியை எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அப்படியான டிக்கெட்டில் குறைந்தபட்ச இடைவெளி இல்லாத இணைப்பை விமான நிறுவனத்தின் கணினியே விற்பனைக்குக் காட்டாது. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால், அடுத்த விமானத்தில் இடம் தருவது நிறுவனத்தின் பொறுப்பு. பொதி அனுமதியும் பொதுவாகக் கடைசி வரை ஒன்றாகவே இருக்கும். தனித்தனி டிக்கெட்டுகளில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. விலை சற்றுக் குறைவு என்று தெரிந்தே அப்படி எடுப்பவர்கள் எடுக்கட்டும். சென்னையில் ஐந்தாறு மணி நேரமாவது விட்டு எடுக்கட்டும். தெரியாதவர் தலையில் கட்டுவதுதான் மோசடி.

பணம் கட்டும் முன் விமான நிறுவனமே அனுப்பும் மின்னஞ்சலைக் காட்டச் சொல்லுங்கள்; முகவரின் அட்டவணையை ஏற்காதீர்கள். குறியீட்டையும் கடவுச்சீட்டில் உள்ள பெயரையும் அந்த நிறுவனத்தின் இணையத்தளத்தில் போட்டால், பதிவு இருக்கிறதா, எந்தெந்த விமானம் அதில் அடங்கியிருக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். வீட்டில் படிக்கும் பிள்ளை ஒன்று இருந்தால் இரண்டு நிமிட வேலை. வெறும் முன்பதிவைக் காட்டிவிட்டு டிக்கெட் போடாமலே பணத்தை வைத்துக்கொள்பவர்களும் உண்டு. பெரிய விமான நிறுவனங்களில் டிக்கெட் போட்டுவிட்டால் 13 இலக்க எண் ஒன்று வரும். அதன் முதல் மூன்று இலக்கங்கள் நிறுவனத்தைக் குறிக்கும். ஸ்ரீலங்கன் விமானமென்றால் 603. அந்த எண்ணைக் கேளுங்கள்.

கொழும்பிலிருந்து திருச்சிக்கும் மதுரைக்கும் நேரடி விமானம் இருக்கிறது. நீலகிரிக்குப் போகிறவர்களுக்கு, திருச்சியில் இறங்கிக் கோயம்புத்தூர் பஸ் பிடிப்பது சென்னையில் முனையம் விட்டு முனையம் ஓடுவதை விட எவ்வளவோ நல்லது. முகவர் இதைச் சொல்ல மாட்டார்; அப்படிப் போனால் அவருக்கு விற்க ஒரு டிக்கெட்தான் இருக்கும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பற்றுச்சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்து மூலம், சேவை கிடைத்து மூன்று மாதங்களுக்குள் முறையிட வேண்டும். அவர்களின் துரித இலக்கம் 1977. சிவில் விமானச் சேவை அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் உள்ள நிலையமா என்பதையும் கேட்டுப் பாருங்கள். நாங்கள் இரண்டு இடங்களுக்கும் எழுதியிருக்கிறோம்.

பயணம் இன்னும் வரவில்லை, கையில் இரண்டு குறியீடு உள்ள தாள்தான் இருக்கிறது என்றால், இன்றே உள்நாட்டு விமான நிறுவனத்தைக் கூப்பிட்டு அந்தப் பயணத்தை மாலைக்கு மாற்றக் கேளுங்கள். மாற்றுக் கட்டணமும் விலை வித்தியாசமும் கேட்பார்கள். அந்த இரண்டையும் முகவரைக் கட்டச் சொல்லுங்கள். கட்ட மறுத்தால், மறுக்கிறேன் என்பதை எழுதித் தரச் சொல்லி அதையும் முறைப்பாட்டோடு சேருங்கள்.