தானியங்கிப் பணிகளுக்குள் டெராஃபார்ம்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

எங்கள் குழு தனது ஏ.டபிள்யூ.எஸ். (அமேசான் மேகக்கணிமை) கட்டமைப்பைச் சில ஆண்டுகளாக, கட்டமைப்பைக் கோப்புகளில் எழுதி நிர்வகிக்க உதவும் டெராஃபார்ம் கருவி கொண்டு, நிரல் களஞ்சியத்திலிருந்து தானாக ஓடும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் பணிகளின் வழியாக மட்டுமே மாற்றி வருகிறது. மடிக்கணினியில் இயக்கும் அதே கட்டளைகள்தாம் இங்கும் ஓடுகின்றன. ஆனால், திரையின் முன் அமர்ந்து ‘யெஸ்’ என்று தட்டச்சு செய்ய ஆள் இல்லாததால், ஒப்புதல் எந்தக் கட்டத்தில், எதைப் பார்த்துத் தரப்படுகிறது என்பதை முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும்.

பிளானை (என்னென்ன மாறும் என்று காட்டும் முன்திட்டம்) கோப்பாகச் சேமித்து, ஒப்புதல் கிடைத்தபின் அந்தக் கோப்பையே அப்ளை (மாற்றங்களைச் செயல்படுத்தும்) கட்டத்துக்குக் கொடுக்கிறோம். இடையில் வேறொரு பணி ஸ்டேட்டை (எதையெல்லாம் உருவாக்கியிருக்கிறோம் என்று டெராஃபார்ம் வைத்திருக்கும் பதிவு) மாற்றியிருந்தால், பழைய பிளானை ஏற்க டெராஃபார்ம் மறுத்துவிடும். ஆயினும், ஏ.டபிள்யூ.எஸ். வலைக் கன்சோலில் யாரேனும் கையால் செய்த மாற்றம் இந்தச் சோதனையில் சிக்காது. அதற்காக இரவுதோறும் தனியாக ஒரு பிளான் ஓடுகிறது. கட்டளை முடியும்போது தரும் விரிவான வெளியேறு குறியீட்டைக் கேட்டுப் பெற்றால், மாற்றமில்லை என்பதற்கு 0, பிழைக்கு 1, மாற்றம் உண்டு என்பதற்கு 2 வரும். இந்த 2 என்பதையும் ஷெல் தோல்வியாகவே கொள்ளும் என்பதால், ஸ்கிரிப்டில் அதைப் பிரித்துக் கையாள வேண்டும்.

மிகுந்த கவனம் கோருவது, பாதியில் ரத்து செய்யப்படும் பணி. பணியை இயக்கும் கிட்ஹப் ரன்னர் முதலில் நிறுத்தக் குறிப்பு அனுப்பி 7.5 விநாடி காத்திருக்கும். அடுத்த குறிப்புக்குப் பின் இன்னும் 2.5 விநாடி காத்திருந்து, பிறகு ஓடும் நிரலைக் கட்டாயமாக நிறுத்திவிடும். ஓர் ஆர்.டி.எஸ். தரவுத்தளம் உருவாகப் பல நிமிடங்கள் பிடிக்கும் நிலையில், பத்து விநாடிக்குள் ஸ்டேட்டை எழுதி முடித்துப் பூட்டை (ஒரே நேரத்தில் இரு பணிகள் ஸ்டேட்டை மாற்றாமல் தடுப்பது) விடுவிக்க டெராஃபார்முக்கு வாய்ப்பே இல்லை. பூட்டு அப்படியே தங்கிவிடுவதைக் காட்டிலும், உருவான பொருள் ஸ்டேட்டில் பதிவாகாமல் போவதே பெரிய தொல்லை. பூட்டைக் கட்டாயமாக அகற்றிவிடலாம், பதிவாகாத பொருளை ஒவ்வொன்றாகத் தேடி ஸ்டேட்டுக்குள் இம்போர்ட் செய்ய வேண்டும். ஆகவே, அப்ளை பணிகள் ஒன்றன்பின் ஒன்றாகவே ஓடும்படியும், புதிய கமிட் வந்தாலும் ஓடிக்கொண்டிருப்பது ரத்தாகாதபடியும் அமைத்திருக்கிறோம். டெராஃபார்ம் பதிப்பு 1.10 முதல், ஸ்டேட்டைச் சேமிக்கும் எஸ்3-யிலேயே (ஏ.டபிள்யூ.எஸ். கோப்புச் சேமிப்பகம்) பூட்டு வசதி கிடைப்பதால், அதற்கெனத் தனி டைனமோடிபி (ஏ.டபிள்யூ.எஸ். தரவுத்தளச் சேவை) அட்டவணை இனித் தேவையில்லை.

பிரொவைடர் (ஏ.டபிள்யூ.எஸ். போன்ற சேவையுடன் பேசும் செருகுநிரல்) பதிவிறக்கம் நேரத்தை விழுங்கும். கேஷ் வைத்தால் குறையும். மேக் கணினியில் உருவாக்கிய பூட்டுக்கோப்பில் (பிரொவைடர் பதிப்புகளைக் குறித்து வைக்கும் கோப்பு) லினக்ஸுக்கான ஹாஷ்களையும் (சரிபார்ப்புக் குறியீடுகள்) சேர்த்துவிடுவது நல்லது. நிரந்தர அணுக்கச் சாவிகளை விட்டு, பணிக்குத் தற்காலிக அனுமதி தரும் ஓ.ஐ.டி.சி. முறைக்கு மாறுவதில் தயக்கமே வேண்டாம்.

2023 ஆகஸ்டில் டெராஃபார்மின் உரிமம் மாறியபோது எழுந்த பரபரப்பு, சொந்தக் கட்டமைப்பை மட்டும் நிர்வகிக்கும் எங்களை நேரடியாகப் பாதிக்கவில்லை. டெராஃபார்மிலிருந்து பிரிந்த திறமூலக் கருவியான ஓப்பன்டோஃபுவுக்கு மாறலாமா என்று நாங்கள் இப்போது ஆராய்வதற்குக் காரணம் வேறு. பிளான் கோப்பிலும் ஸ்டேட்டிலும் கடவுச்சொற்கள் வெளிப்படையாகவே கிடக்கக்கூடும். பணிகளுக்கிடையே பிளான் கோப்பைச் சுமந்து செல்லும் எங்கள் முறையில் அது உண்மையான அபாயம். அவ்விரண்டையும் மறையாக்கம் செய்யும் வசதி ஓப்பன்டோஃபு 1.7-இலிருந்தே இருக்கிறது.