லாரி வைப்பர் மோட்டாரில் ஆடும் சீட்

கார் கேமுக்கு ஏற்றபடி சாயும் சீட்டை வீட்டிலேயே செய்ய, வண்ணார்பேட்டை பக்கம் ஒரு காயலான் கடையில் 24 வோல்ட் லாரி வைப்பர் மோட்டார் இரண்டை 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். இந்த விலைக்கு அருமையான சாமான். உள்ளே வார்ம் கியர் (மோட்டார் சுற்றினால் நகரும், வெளியிலிருந்து தள்ளினால் எளிதில் திரும்பாத பற்சக்கரம்) இருப்பதால் கரண்ட் போனாலும் சீட் பொத்தென்று சரிவதில்லை.

வாங்கும்போதே ஷாஃப்டைப் பிடித்து அசைத்துப் பாருங்கள், லொடலொடவென்று ஆடினால் கியர் தேய்ந்திருக்கிறது, சீட்டில் உட்கார்ந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் 'டொக்' என்று முதுகில் இடிக்கும். எனக்கு வந்ததில் ஒன்று அப்படித்தான். மறுநாள் கொண்டுபோனேன், அண்ணாச்சி முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார்.

அப்புறம் முக்கியமான விஷயம், பல வைப்பர் மோட்டார்களில் உடம்பே எர்த், அதாவது மைனஸ் இணைப்பு. இரண்டு பக்கமும் சுற்றவைக்க அந்த இணைப்பைப் பிரித்துத் தனி வயர் இழுக்க வேண்டும், இல்லையென்றால் இரும்புச் சட்டத்தில் படாமல் ரப்பர் வைத்து மாட்ட வேண்டும். இது தெரியாமல் மோட்டாரை இயக்கும் சர்க்யூட்டான டிரைவர் போர்டு ஒன்று எரிந்துபோனது.

முதலில் என் 78 கிலோவைத் தூக்கத் திணறியது. ஷாஃப்டில் மாட்டிய பட்டையை 10 செ.மீ.யிலிருந்து 5 ஆகக் குறைத்தேன். அசையும் தூரம் பாதியானது, தூக்கும் பலம் இரண்டு மடங்கானது. இப்போது பிரேக் போட்டால் உடம்பு தானாக முன்னே போகிறது. இன்னும் கனமான ஆள் என்றால் பழைய சக்கர நாற்காலி மோட்டார் தேடுங்கள்.